நாலாம் வரிசை வீரருக்காக நாள் முழுக்கச் சண்டை: என்.எச்.எல் சின்ன டிரேடுகளைப் புரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

2024 மார்ச் 8. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்-லில் டிரேடுக்கு, அதாவது அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் பேரத்துக்கு, கடைசி நாள். டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணி, மினசோட்டா வைல்ட் அணியிடமிருந்து கானர் டூவர் என்பவரை வாங்கியது. பதிலுக்குக் கொடுத்தது டிமிட்ரி ஓவ்சின்னிகோவ் என்ற இளம் வீரரையும், 2026 டிராஃப்டில் (புது இளம் வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் நாள்) தன்னுடைய நான்காம் சுற்றுத் தேர்வையும். டூவருக்கு வயது 24. அந்தப் பருவத்தில் மினசோட்டாவுக்காக 57 ஆட்டங்களில் 10 கோல் அடித்திருந்தார். நட்சத்திரம் இல்லை, நாலாம் வரிசை ஆள்.

இதற்குப் போய் ஊரே இரண்டாகப் பிரிந்து பேசுகிறதே என்று டொராண்டோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்குத் தோன்றும். அலுவலகத்தில், டிம் ஹார்ட்டன்ஸ் காபிக் கடை வரிசையில், ரயிலில் என்று எங்கே போனாலும் இதே பேச்சு. "நாலாம் சுற்று போச்சே" என்பார் ஒருவர். "பெனால்டி கில்லுக்கு ஆள் வேண்டாமா?" என்பார் இன்னொருவர். 1967-க்குப் பிறகு ஸ்டான்லி கோப்பையைத் தொடாத அணியின் ரசிகர்கள் சின்ன விஷயத்துக்கும் பொங்குவது இயல்புதான். ஆனால் இந்தச் சண்டை வெறும் பொங்கல் இல்லை, இதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு பிடிபட்டால், ஒரு ஆட்டம்கூட முழுதாகப் பார்க்காதவரும் இந்தப் பேச்சில் உருப்படியாக நாலு வார்த்தை சொல்லலாம். பெரிய டிரேடுகளைவிட இவைதான் பழக ஏற்றவை என்பது என் கட்சி. பெரிய டிரேடில் பெயரும் புகழும் கண்ணை மறைக்கும், சின்ன டிரேடில் கணக்கு மட்டும்தான் இருக்கும்.

படி 1: ஆளை விடுங்கள், எந்த நாற்காலி காலி என்று பாருங்கள்

ஓர் ஆட்டத்துக்கு ஓர் அணி 20 பேரை இறக்கும். இரண்டு கோலிகள், 6 டிஃபென்ஸ், 12 ஃபார்வர்டு. அந்த 12 பேர் மூன்று மூன்றாக நான்கு வரிசைகள். பனியில் முழு வேகத்தில் ஓடுவது நுரையீரலைப் பிழியும் வேலை. அதனால் 45 வினாடி போல ஆடிவிட்டு அடுத்த வரிசைக்கு இடம் விட்டு வந்துவிடுவார்கள். 60 நிமிட ஆட்டத்தில் முதல் வரிசைக்காரர் 20 நிமிடம் வரை ஆடுவார். நாலாம் வரிசைக்காரருக்கு 8 முதல் 11 நிமிடம் கிடைத்தால் சரி.

அந்தப் பத்து நிமிடத்தில் அவரிடம் எதிர்பார்ப்பது கோல் அல்ல. எதிரணி கோல் அடிக்காமல் நேரம் கடத்தினாலே பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி பெனால்டி கில்: நம் ஆள் ஒருவர் தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும் இரண்டு நிமிடத்தில், நாலு பேரை வைத்து எதிரணியின் ஐந்து பேரைச் சமாளிப்பது. அடித்து ஆடும் நட்சத்திரங்களை இதில் களைப்பாக்கப் பல பயிற்சியாளர்கள் விரும்புவதில்லை. அதனால் பக்கை, அதாவது பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் தட்டை, தன் உடம்பால் தடுக்கத் தயங்காத நான்கைந்து ஃபார்வர்டுகள் தேவைப்படுகிறார்கள். மூன்றாவதாக ஃபேஸாஃப், அதாவது நடுவர் பக்கைக் கீழே போடும்போது அதைத் தட்டிப் பறிக்கும் திறன். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இடது கைப் பிடி உள்ளவருக்கு ஒரு பக்கம் எளிது, வலது கைப் பிடி உள்ளவருக்கு மறுபக்கம். இரண்டு வகையிலும் ஒரு சென்டர் (வரிசையின் நடு ஆள்) இருந்தால் பயிற்சியாளருக்கு நிம்மதி.

ஆக, டிரேடு செய்தி வந்ததும் "இவர் யார்?" என்பதற்கு முன்பு கேட்க வேண்டியது, "நம் அணியில் என்ன இல்லாமல் இருந்தது?" பெனால்டி கில் கடைசி இடத்தில் தத்தளிக்கும் அணி ஒரு பெனால்டி கில் ஆளை வாங்கினால் அதில் அர்த்தம் இருக்கிறது. ஏற்கெனவே அப்படி ஐந்து பேரை வைத்துக்கொண்டு ஆறாவதாக ஒருவரை வாங்கினால், சத்தம் போடுகிறவர் பக்கம் நீங்களும் போய் நின்றுகொள்ளலாம்.

இன்னொன்று. பிளேஆஃப் என்பது ஏழு ஆட்டத் தொடர்கள் நான்கு. கோப்பைக்கு 16 வெற்றி வேண்டும், அது இரண்டு மாத வேலை. அதற்குள் யாராவது இருவருக்காவது எலும்பு முறியும். மார்ச்சில் 13-ஆவது ஆளாக வாங்கப்பட்டவர் மே மாதத்தில் மூன்றாம் வரிசையில் நிற்பது இந்த விளையாட்டில் சகஜம். அதனால்தான் பட்டியலில் ஏற்கெனவே 12 பேர் இருக்கும்போதும் மேலாளர்கள் வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

படி 2: சம்பளக் கணக்கு. இங்கேதான் கொஞ்சம் உட்கார வேண்டும்

ஐ.பி.எல் ஏலத்தில் அணியின் பணப்பைக்கு வரம்பு இருப்பதுபோல என்.எச்.எல்-லில் சாலரி கேப் உண்டு. 2023-24 பருவத்தில் அது 8.35 கோடி அமெரிக்க டாலர், 2024-25-இல் 8.8 கோடி, 2025-26-இல் 9.55 கோடி. (கனடாவில் யாரும் கோடி, லட்சம் என்று பேச மாட்டார்கள், எல்லாம் மில்லியன்தான். 10 லட்சம் ஒரு மில்லியன். பேச்சில் கலந்துகொள்ளும் முன் இந்த மாற்றலை மனத்தில் பழகிக்கொள்ளுங்கள்.) குறைந்தபட்சச் சம்பளம் 2025-26-இல் 7.75 லட்சம் டாலர்.

வாங்கும்போது டூவருக்காக கேப் கணக்கில் ஏறியது 8 லட்சம். அணியின் மொத்த வரம்பில் ஒரு சதவீதம்கூட இல்லை. நான்கு நட்சத்திரங்களுக்கே பாதிப் பணத்தைக் கொடுத்துவிட்ட லீஃப்ஸ் போன்ற அணிக்கு இப்படிக் குறைந்த சம்பளத்தில் ஒழுங்காக ஆடுகிறவர் உயிர்நாடி. 8 லட்சத்துக்கு 10 கோல் அடிப்பவரும் 25 லட்சத்துக்கு 10 கோல் அடிப்பவரும் வேறு வேறு சரக்கு. புள்ளிகளை (கோலும் கோலுக்கான பாஸும் சேர்ந்த எண்ணிக்கை) மட்டும் பார்த்துப் பேசும் ரசிகர் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்.

இனி விற்றவர் பக்கம் போவோம். மினசோட்டா ஏன் இளம் வீரரை விட வேண்டும்? அந்த அணி 2021-இல் ஜாக் பரீசே, ரையன் சூட்டர் இருவரின் நீண்ட ஒப்பந்தங்களையும் பணம் கொடுத்து முறித்துக்கொண்டது. அதன் தண்டனையாக 2023-24, 2024-25 இரண்டு பருவங்களிலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.47 கோடி டாலர், ஆடாத இருவர் பெயரில் அவர்கள் வரம்பிலிருந்து கழிந்துகொண்டிருந்தது. டூவரின் ஒப்பந்தமோ அந்தக் கோடையில் முடிகிறது. நாலாம் வரிசை ஆளுக்குச் சில லட்சம் கூடுதலாகக் கொடுப்பதைக்கூட அவர்கள் யோசிக்க வேண்டியிருந்தது. எந்த டிரேடிலும் விற்பவருடைய தலைவலி என்ன என்று ஒரு நிமிடம் தேடிப் பாருங்கள். பேச்சில் மற்றவர்களைவிட ஓர் அடி முன்னே நிற்பீர்கள்.

மார்ச்சில் மட்டும் நடக்கும் ஒரு வித்தையும் உண்டு. கேப் நாள் கணக்கில் ஓடுகிறது. டெட்லைன் வரும்போது பருவத்தின் நாட்களில் ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம் இருக்கும். எனவே அக்டோபரிலிருந்து 10 லட்சம் டாலர் இடத்தைக் காலியாக வைத்திருந்த அணி, மார்ச்சில் ஆண்டுச் சம்பளம் 40, 50 லட்சம் உள்ள ஒருவரைக்கூட உள்ளே எடுக்க முடியும். மிச்சமிருக்கும் நாட்களுக்கான பங்கு மட்டும்தானே கணக்கில் ஏறும்.

அது போதாதபோது, விற்கும் அணியே சம்பளத்தில் ஒரு பகுதியைத் தன் தலையில் வைத்துக்கொள்ளும், அதிகபட்சம் பாதி. இதன் உச்சத்தை 2023 பிப்ரவரியில் லீஃப்ஸ் காட்டியது. செயின்ட் லூயிஸ் அணியின் ரையன் ஓ'ரைலிக்குக் கணக்கு 75 லட்சம் டாலர். செயின்ட் லூயிஸ் பாதியை வைத்துக்கொண்டது. நடுவில் மினசோட்டா நுழைந்து கால் பங்கை ஏற்றது, அதற்குக் கூலி ஒரு நான்காம் சுற்றுத் தேர்வு. டொராண்டோவின் கணக்கில் ஏறியது வெறும் 18.75 லட்சம். இப்படி மூன்று அணி சேர்ந்து ஒரே நாளில் முடிப்பது இப்போது நடக்காது. 2025-26-இலிருந்து, இரண்டாவது அணி அதே ஆளின் சம்பளத்தைப் பிடித்துவைக்க 75 நாள் இடைவெளி வேண்டும் என்று விதி வந்துவிட்டது. பழைய நினைப்பில் "நடுவில் ஒரு அணியைப் போட்டு முடிச்சிடலாமே" என்று யாராவது சொன்னால் இதை எடுத்து வைக்கலாம்.

மைனர் லீக் கணக்கு ஒன்று பாக்கி. ஆள் சரிப்படவில்லை என்றால் கீழ் லீக்கான ஏ.எச்.எல்-லுக்கு அனுப்பலாம். அனுப்பினால் 2024-25 கணக்குப்படி 11.5 லட்சம் டாலர் வரை வரம்பிலிருந்து மறைந்துவிடும். அதற்கு மேல் இருப்பது அணியின் தலையிலேயே நிற்கும். நாலாம் வரிசை ஒப்பந்தங்கள் பல இந்த எண்ணுக்கு அக்கம்பக்கத்திலேயே இருப்பது தற்செயல் அல்ல. டொராண்டோ அடுத்த கோடையில் டூவருக்குக் கொடுத்தது 11.8 லட்சம். ஆக, "சம்பளம் 11.5 லட்சத்துக்குக் கீழேயா?" என்பது நல்ல முதல் கேள்வி. கீழே என்றால் அந்த டிரேடு தோற்றாலும் சம்பளக் கணக்கில் காயம் இல்லை.

இந்த எண்களையெல்லாம் எங்கே பார்ப்பது? பல ஆண்டுகள் கேப்ஃப்ரெண்ட்லி என்ற தளம்தான் ரசிகர்களின் பஞ்சாங்கம். 2024-இல் வாஷிங்டன் கேப்பிடல்ஸ் அணி அதை அப்படியே விலைக்கு வாங்கி, பொதுமக்களுக்கு மூடிவிட்டது. இப்போது பெரும்பாலோர் பக்பீடியா பக்கம் போய்விட்டார்கள். ஆள் பெயரைப் போட்டால் சம்பளம், எத்தனை ஆண்டு, யார் எவ்வளவு பிடித்துவைத்திருக்கிறார்கள் எல்லாம் வரும்.

படி 3: ஒப்பந்தம் எப்போது முடிகிறது?

இது சின்னப் படிதான், ஆனால் விலையைப் பாதியாக்குவதும் இரட்டிப்பாக்குவதும் இதுதான்.

பருவ முடிவில் ஒப்பந்தம் முடிந்து யாருடன் வேண்டுமானாலும் போகலாம் என்ற நிலையில் இருப்பவரை ரசிகர்கள் 'ரென்டல்' என்பார்கள். வாடகை ஆள். ஓ'ரைலியுடன் அதே டிரேடில் வந்த நோயல் அச்சாரி நாலாம் வரிசையில் மோதி ஆடுவதில் மன்னன். அந்த வசந்தத்தில் லீஃப்ஸ் 2004-க்குப் பிறகு முதல்முறையாக ஒரு பிளேஆஃப் தொடரை வென்றது. ஜூலையில் ஓ'ரைலி நாஷ்வில்லுக்கும் அச்சாரி பிட்ஸ்பர்க்குக்கும் போய்விட்டார்கள். கொடுத்த முதல் சுற்று, இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்றுத் தேர்வுகள் திரும்பவா வரும்?

இதற்கு எதிர்ப்பக்கம் ஸ்காட் லாட்டன். 2025 மார்ச்சில் பிலடெல்பியாவிலிருந்து வாங்கியபோது அவருக்கு இன்னும் ஓர் ஆண்டு ஒப்பந்தம் பாக்கி. 30 லட்சத்தில் பாதியைப் பிலடெல்பியா ஏற்றதால் டொராண்டோவுக்கு 15 லட்சம்தான். அதனால் விலையும் ஏறியது. 2027-இன் முதல் சுற்றுத் தேர்வும் நிகிதா கிரெபென்கின் என்ற இளம் வீரரும் போனார்கள். மூன்றாம் வரிசை சென்டருக்கு முதல் சுற்றா என்று அன்று எழுந்த கூச்சலில் எனக்கும் பாதி உடன்பாடு உண்டு. இரண்டு பிளேஆஃப்களுக்கான ஆள் என்று பார்த்தால் மறு பாதி கொஞ்சம் அடங்குகிறது.

நடுவில் ஒரு வகை இருக்கிறது, டூவர் அந்த வகை. ஒப்பந்தம் முடிந்தாலும் வயது குறைவு என்பதால் உரிமை அணியிடமே இருக்கும். பொதுவாக 27 வயதோ ஏழு பருவமோ ஆகும்வரை முழுச் சுதந்திரம் கிடையாது. சுருக்கமாக ஆர்.எஃப்.ஏ என்பார்கள். இவர்களை ரென்டல் என்று யாராவது சொன்னால் மெல்லத் திருத்திவிடுங்கள்.

படி 4: கொடுத்தது என்ன?

டிராஃப்டில் ஏழு சுற்று, சுற்றுக்கு 32 தேர்வு. 18 வயதுப் பையன்களை அணிகள் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் நாள் அது. முதல் சுற்றின் முன்பாதியில் எடுக்கப்படுபவர் என்.எச்.எல்-லில் நிலைத்து ஆட நல்ல வாய்ப்பு உண்டு. இரண்டாம் சுற்றுக்குப் போனதும் அது சட்டென்று சரியும். நான்காம் சுற்றுக்குக் கீழே பெரும்பாலோர் பெயரை நாம் பிறகு கேள்விப்படவே மாட்டோம். விதிவிலக்குகள் நிச்சயம் உண்டு. டெட்ராய்ட் அணி பாவெல் டாட்சுக்கை ஆறாம் சுற்றிலும் ஹென்ரிக் செட்டர்பெர்கை ஏழாம் சுற்றிலும் எடுத்த கதையை யாராவது எடுத்து விடுவார்கள். அது 1998-உம் 1999-உம். அதையே இன்னும் சொல்லிக்கொண்டிருப்பதிலிருந்தே அது எவ்வளவு அபூர்வம் என்று தெரியவில்லையா?

தேர்வின் ஆண்டையும் பாருங்கள். 2024-இல் கொடுத்தது 2026-இன் நான்காம் சுற்று. அதில் எடுக்கப்படும் பையன் மேலே ஏறி வர அதற்கப்புறம் இன்னும் நாலைந்து ஆண்டு. கோப்பைக்கு இந்த ஆண்டே குறிவைக்கும் அணிக்கு அது தூரத்து உறவு. நிபந்தனைகளையும் விடாதீர்கள். லாட்டன் டிரேடில் போன முதல் சுற்றுக்கு 'டாப் 10 பாதுகாப்பு' உண்டு. அந்த ஆண்டு டொராண்டோ படுமோசமாக ஆடி அந்தத் தேர்வு முதல் பத்துக்குள் விழுந்தால், அதைக் கொடுக்காமல் அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாம். தலைப்பில் வராத இந்த வரிதான் பல சமயம் விலையின் உண்மையான எடை.

இங்கே ஒரு நல்ல எதிர்க்கேள்வி எழும். "தேர்வையே கொடுக்காமல் வேவர்ஸில் சும்மா எடுக்கலாமே?" ஏ.எச்.எல்-லுக்கு அனுப்ப நினைக்கும் அனுபவ வீரரை முதலில் 24 மணி நேரம் எல்லா அணிக்கும் முன்னால் வைக்க வேண்டும். அதற்குப் பெயர் வேவர்ஸ். விரும்பிய அணி இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், பலர் கேட்டால் புள்ளிப் பட்டியலில் கீழே இருக்கும் அணிக்கு முன்னுரிமை. முன்னணியில் இருக்கும் அணிக்கு ஆள் வந்து சேரும் முன் வேறு யாராவது தூக்கிவிடுவார்கள். அதனால் நல்ல அணிகள் வேவர்ஸை நம்பிக் காத்திருப்பதில்லை. நான்காம், ஐந்தாம் சுற்றைக் கொடுத்து வேலையை முடித்துவிடுகின்றன.

இதைவிடக் கூர்மையான கேள்வி, "நம்ம மார்லீஸ் பையனை ஏற்றலாமே?" டொராண்டோ மார்லீஸ்தான் லீஃப்ஸின் ஏ.எச்.எல் அணி. அதே ஊரில், கோகோ கோலா கொலிசியத்தில் ஆடுகிறது. டிக்கெட் விலையும் லீஃப்ஸைவிட மிகக் குறைவு. குடும்பத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் 'அந்தப் பையன்' தயாரா இல்லையா என்று உங்களுக்கே ஓரளவு தெரியும். வாங்கியவர் அந்தப் பையனைவிடத் தெளிவாக மேல் இல்லை என்றால், கொடுத்தது ஏழாம் சுற்றே ஆனாலும் அது வீண் என்பேன்.

படி 5: புள்ளிவிவரத்தை நம்புங்கள், ஆனால் சந்தேகத்தோடு

பத்து நிமிடம் ஆடுபவருக்குக் கோல் எண்ணிக்கை பெரிதாக எதையும் சொல்லாது. டூவரையே பாருங்கள். 2024 கோடையில் தோளில் அறுவைச் சிகிச்சை, பருவத்தின் தொடக்கம் போய்விட்டது. திரும்பி வந்து லீஃப்ஸுக்காக 31 ஆட்டம் ஆடினார், ஒரு கோல்கூட இல்லை. மார்ச்சில் பிட்ஸ்பர்க் போனார். அங்கே 17 ஆட்டத்தில் 4 கோல். ஆள் மாறவில்லை, சட்டைதான் மாறியது. இவ்வளவு குறைந்த நேரத்தில் நாலைந்து ஷாட் கம்பியில் பட்டு உள்ளே போவதும் வெளியே போவதும் ஒரு பருவத்தையே வேறாகக் காட்டிவிடும்.

அதனால் ரசிகர்கள் வேறு சில எண்களைப் பார்க்கிறார்கள். எக்ஸ்பெக்டட் கோல் என்பது ஒவ்வொரு ஷாட்டும் எங்கிருந்து, எப்படி அடிக்கப்பட்டது என்பதைக் கொண்டு, கோலாகும் வாய்ப்பைக் கூட்டிப் பார்ப்பது. ஒருவர் பனியில் இருக்கும்போது இரு அணிகளின் கூட்டலையும் எடுத்தால் அவர் அணியின் பங்கு எத்தனை சதவீதம் என்று தெரியும். 50-ஐத் தொட்டால் நாலாம் வரிசைக்கு நல்ல எண். பி.டி.ஓ என்று இன்னொன்று. அவர் பனியில் இருக்கும்போது சொந்த அணியின் ஷூட்டிங் சதவீதத்தையும் சொந்தக் கோலியின் சேவ் சதவீதத்தையும் கூட்டினால் வருவது. சராசரி 100. அதிலிருந்து ரொம்ப மேலே இருந்தால் அதிர்ஷ்டம் அடித்திருக்கிறது, கீழே இருந்தால் துரதிர்ஷ்டம். இரண்டும் காலப்போக்கில் 100-ஐ நோக்கித் திரும்பும்.

எந்த இடத்தில் ஆட்டத்தைத் தொடங்குகிறார் என்பதும் முக்கியம். சொந்த கோலுக்கு அருகே ஃபேஸாஃப் நடக்கும்போதெல்லாம் பயிற்சியாளர் ஒருவரையே இறக்கினால் அவர் எண்கள் அழுக்காகத்தான் இருக்கும். 46 சதவீதம் என்று திட்டும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

படி 6: மூன்று ஆட்டம் பாருங்கள்

எண்களுக்கு அப்புறம் கண். பக் எங்கே போகிறது என்று பார்க்காமல், புது ஆளின் எண்ணை மட்டும் தொடருங்கள். மாற்றத்துக்கு நேரத்தில் பெஞ்சுக்கு வருகிறாரா, களைத்துப்போய் நீச்சலடிக்கிறாரா? எதிரணி டிஃபென்ஸ்காரர் பக்கை எடுக்கத் திரும்பும்போது இவர் வேகத்தைப் பார்த்து அவர் அவசரப்படுகிறாரா? சொந்த எல்லையின் சுவரோரம் பக் வந்தால் வெளியே தள்ளுகிறாரா, பறிகொடுக்கிறாரா? ஒரு கோல் முன்னிலையில் கடைசி மூன்று நிமிடம் இருக்கும்போது பயிற்சியாளர் இவரை இறக்குகிறாரா? கடைசிக் கேள்விக்கு விடை ஆம் என்றால், ரசிகர்கள் என்ன சொன்னாலும் அணிக்குள்ளே விவாதம் முடிந்துவிட்டது.

படி 7: வழக்கமான வாதங்களும் அவற்றின் எடையும்

"இவன் முரட்டு ஆள், பிளேஆஃபுக்கு ஆவான்" என்பது அதிகம் கேட்கும் வாதம். இதில் உண்மை உண்டு, கூடவே பழைய ஏக்கமும் உண்டு. 2021 ஏப்ரலில் லீஃப்ஸ் இதே காரணத்துக்காக நிக் ஃபொலீனோவை வாங்கியது. கொலம்பஸ் அணியின் கேப்டன், அப்பா மைக்கும் ஒரு காலத்தில் லீஃப்ஸில் ஆடியவர், ரசிகர்களுக்கு மனசெல்லாம் நிறைந்தது. கொடுத்தது ஒரு முதல் சுற்று, கூடவே இரண்டு நான்காம் சுற்று. காயத்தோடு 7 ஆட்டம், பிளேஆஃபில் 4 ஆட்டம், ஒரு கோலும் இல்லை. மான்ட்ரியாலிடம் 3-1 என்று முன்னிலையில் இருந்து லீஃப்ஸ் தோற்றது. இன்றும் முதல் சுற்றைக் கொடுத்து யாரையாவது வாங்கினால் அவர் பெயர் எழும். பாவம், அவர் குற்றம் அதில் எதுவும் இல்லை.

"நாலாம் வரிசைக்கு யார் வந்தாலென்ன?" என்பது எதிர் முனை. அதற்குப் பதில் டாம்பா பே. 2019-இல் 62 ஆட்டம் வென்ற அணி பிளேஆஃபின் முதல் சுற்றிலேயே நாலுக்கு பூஜ்யம் என்று வெளியேறியது. 2020 பிப்ரவரியில் அவர்கள் நட்சத்திரங்களைத் தேடவில்லை. நியூ ஜெர்சியிடமிருந்து பிளேக் கோல்மனுக்கும், சான் ஹோசேயிடமிருந்து பார்க்லே குட்ரோவுக்கும் ஆளுக்கொரு முதல் சுற்றுத் தேர்வு கொடுத்தார்கள். கோல்மனுக்கு நோலன் ஃபூட் என்ற இளம் வீரரும் சேர்த்து. டிராஃப்டில் யாருமே எடுக்காத குட்ரோவுக்கு முதல் சுற்றா என்று சிரித்தவர்கள் பலர். ஆனால் கணக்கைப் பாருங்கள்: கோல்மனுக்கு 18 லட்சம், குட்ரோவுக்கு 9.25 லட்சம், இருவருக்கும் இன்னோர் ஆண்டு ஒப்பந்தம் பாக்கி. யானி கோர்டுடன் சேர்ந்து மூன்றாம் வரிசையாக நின்றார்கள். 2020, 2021 இரண்டு கோப்பையும் டாம்பாவுக்கு. படி 2-ம் படி 3-ம் சேர்ந்து வேலை செய்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 2021 கோடையில் மூவரும் கலைந்தார்கள். குட்ரோவுக்கு நியூ யார்க் ரேஞ்சர்ஸ் ஆறு ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தது, 2024-இல் வேவர்ஸில் போட்டது, சும்மா எடுத்துக்கொண்டது அதே சான் ஹோசே. அதே ஆள்தான். சம்பளம் 9 லட்சமாக இருந்தபோது முதல் சுற்று, 36 லட்சமானபோது இலவசம்.

படி 8: தீர்ப்பை எப்போது சொல்வது?

அன்றைக்கே ஒன்று சொல்லலாம், தேதி போட்டுச் சொல்லுங்கள். 2020 பிப்ரவரியில் லீஃப்ஸ் மேசன் மார்ச்மென்டைப் புளோரிடாவுக்குக் கொடுத்து டெனிஸ் மல்கினை வாங்கியது. (பிட்ஸ்பர்க்கின் பெரிய மல்கின் இல்லை, இவர் வேறு.) அன்று யாரும் தூக்கம் கெடவில்லை. இரண்டு ஆண்டு கழித்து மார்ச்மென்ட் 54 ஆட்டத்தில் 47 புள்ளி எடுத்து, டல்லாஸில் ஆண்டுக்கு 45 லட்சம் டாலர் ஒப்பந்தம் போட்டார். இங்கே மல்கினைக் கொடுத்து டிரைடன் ஹன்ட் வந்தார், ஹன்ட்டைக் கொடுத்து ராடிம் ஜோஹோர்னா வந்தார், ஜோஹோர்னா கோடையில் பிட்ஸ்பர்க்கோடு ஒப்பந்தம் போட்டுப் போய்விட்டார். கணக்கு பூஜ்யம். ஆனால் 2020-இல் மார்ச்மென்ட் 24 வயதிலும் ஏ.எச்.எல்-லில்தான் பெரும்பாலும் இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம். முடிவு தெரிந்த பிறகு மேலாளரை முட்டாள் என்பது யாருக்கும் வரும்.

டூவர் கதைக்கும் ஒரு தொடர்ச்சி இருக்கிறது. 2025 மார்ச் 7, அடுத்த டெட்லைன். லாட்டனுக்கும் டிஃபென்ஸ்காரர் பிராண்டன் கார்லோவுக்கும் இடம் தேவைப்பட்டது. டூவரையும் டிஃபென்ஸ்காரர் கானர் டிம்மின்ஸையும் சேர்த்து, ஒரே ஒரு ஐந்தாம் சுற்றுத் தேர்வுக்குப் பிட்ஸ்பர்க்குக்குக் கொடுத்தது டொராண்டோ. வாங்கியவர் கைல் டூபஸ், டிம்மின்ஸை முதலில் லீஃப்ஸுக்குக் கொண்டுவந்த அதே பழைய மேலாளர். மூன்றரை மாதம் கழித்து டிராஃப்ட் நாளில் டூபஸ், டிம்மின்ஸோடு ஐசக் பெலிவோவையும் பஃபலோவுக்குக் கொடுத்து, கானர் கிளிஃப்டனையும் ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வையும் வாங்கிக்கொண்டார். கிளிஃப்டனின் சம்பளப் பாரத்தை ஏற்றதற்கான கூலியும் அந்தத் தேர்வில் அடக்கம். டூவருக்குப் பிட்ஸ்பர்க்கில் 11 லட்சத்துக்குப் புது ஒப்பந்தம்.

என் தீர்ப்பு: வாங்கியது சரி, விற்றது மலிவு. 2024-இல் டூவருக்குக் கொடுத்த விலையில் தவறே இல்லை. 2025-இல் இரண்டு பேருக்கு ஓர் ஐந்தாம் சுற்று என்பது அவசரத்தில் கதவைத் திறந்து வெளியே விட்டதுபோல்தான் இருக்கிறது. லீஃப்ஸ் ரசிகர் ஒருவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், மதிய உணவு இடைவேளை முழுக்க உங்களுக்குத்தான்.

நாள் கணக்கில் ஒரு குறிப்பு. டெட்லைன் மார்ச் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, கிழக்கத்திய நேரம் பிற்பகல் 3 மணி. டி.எஸ்.என், ஸ்போர்ட்ஸ்நெட் இரண்டிலும் காலையிலிருந்தே நேரலை ஓடும். 3 மணிக்கு டிவியை அணைத்துவிடாதீர்கள். அதற்கு முன்பே லீக் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்த டிரேடுகள் அரை மணி, ஒரு மணி கழித்துக்கூட வெளியே வரும், சின்ன டிரேடுகளில் பல அப்போதுதான் தெரியவரும். டெட்லைன் முடிந்ததும் 23 பேர் என்ற பட்டியல் வரம்பு நீங்கிவிடும். டிசம்பரிலோ ஜனவரியிலோ நடக்கும் டிரேடு என்றால் அந்த வரம்பு அப்படியே இருக்கும், புது ஆள் உள்ளே வர ஒருவர் வெளியே போயாக வேண்டும். யார் என்று அறிய மறுநாள் பிற்பகல் 2 மணிக்கு வரும் வேவர்ஸ் பட்டியலைப் பாருங்கள். அதில் உங்கள் அணியின் பெயர் இருந்தால் முதல் படியிலிருந்து கணக்கை இன்னொரு முறை போட வேண்டியிருக்கும்.